வெள்ளிக்கிழமைச் சூப்

இன்று வெள்ளிக்கிழமை என்பதால் எலும்பில்லாமல் வைத்த சூப்பில் சோளமும் கரட்டும் காய்ந்த இலந்தைப்பழமும் கொதித்து மணந்ததும், சுவிஸின் பீல் நகரில் என் சின்ன வயதில் நாங்கள் இருந்த, இப்போது இடித்துவிட்ட மாடிக் கட்டடத்துச் சமையலறை ஒன்று நினைவுக்கு வந்தது.

அம்மா மணிக்கூட்டுத் தொழிற்சாலைக்குப் பின்னேர வேலைக்குப் போகும் நாள்களில், பக்கத்து வீட்டு ஹொங்கொங் அன்ரிதான் எனக்குச் சாப்பாடு தருவார். மத்தியானமே அடுப்பில் ஏற்றிய சூப்பின் மூடி தட்டிக்கொண்டே இருக்கும், யன்னல் கண்ணாடி வேர்த்திருக்கும், முதலில் ஒரு கிண்ணம் சூப், அதைக் குடித்து முடித்த பிறகுதான் சோறு.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நான் கிண்ணத்தைத் தொடமாட்டேன். அன்று எங்களுக்கு மரக்கறி; அவர் சூப்பில் பன்றி எலும்பு கிடக்கும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, வயிற்றுவலி என்பேன். அவர் ஆறிப்போன சூப்பைத் திரும்பவும் ஒரு சின்னச் சட்டிக்குள் ஊற்றுவார். அடுத்த வெள்ளியும் கிண்ணம் என் முன்னால் வரும்.

"அந்த அன்ரி வீட்டுச் சூப் மாதிரியே மணக்குது," என்றார் மேசையில் இருந்த அம்மா. "வெள்ளிக்கிழமையிலை உனக்கெண்டு எலும்பு போடாமல் தனியா வைப்பா. நான்தான் அவவுக்குச் சொன்னனான். நீ விரும்பிக் குடிச்சனியெல்லோ?"

"ஓம்," என்றேன். அவருக்கு ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, என்னுடையது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.