ஈரத்தலைக் கணக்கு

கைகள் தாள்களை மேசையில் தட்டி நேராக்கின. முதலில் நீளவாக்கில், பிறகு அகலவாக்கில். இடது ஓரத்தில் பென்சிலால் மூன்று புள்ளி வைத்தன. மரப்பிடி போட்ட குத்தூசி ஒவ்வொரு புள்ளியிலும் இறங்கி, அடித்தாள் வரை போய், வெளியே வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டைப் பார்த்த பிறகுதான் இடது ஆள்காட்டி விரலில் ஊசி ஏறியிருப்பது தெரிந்தது. வலிக்கவில்லை. சர்க்கரை வந்த பிறகு விரல் நுனிகள் மரத்துவிட்டன. விரலில் பஞ்சு சுற்றப்பட்டது. பன்னிரண்டாம் பக்கம் புதிதாக அச்சாகி வந்து, அதே மூன்று துளை வாங்கிக்கொண்டு உள்ளே போனது.

முப்பதாம் பக்கம் வரை ஒரு கட்டு. முப்பத்திரண்டிலிருந்து அறுபத்து நான்கு வரை இன்னொரு கட்டு. இரண்டுக்கும் நடுவே, மேசை மேல், முப்பத்தொன்றாம் பக்கம் இரண்டு தாள்களாகக் கிடந்தது. இரண்டிலும் துளை போட்டாயிற்று. ஒன்றைத்தான் தைக்க முடியும்.

அது பேரூராட்சியின் கையிருப்பு நிதிப் பக்கம். வருமானம் எதுவும் வராமல் போனாலும் மாதம் பதினான்கு லட்சம் ரூபாய் செலவாகியே தீரும்: தூய்மைப் பணியாளர் சம்பளம், குடிநீர் மோட்டார்களின் மின்கட்டணம், குளோரின், குப்பை வண்டிக்கு டீசல். அப்படி எத்தனை மாதத்துக்கான பணத்தை யாரும் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. ஒரு தாளில் இரண்டு மாதம், இருபத்தெட்டு லட்சம் என்று இருந்தது. தலைவர் போடச் சொன்னது அது. இன்னொன்றில் ஐந்து மாதம், எழுபது லட்சம். அதை யாரும் போடச் சொல்லவில்லை. பதினோரு மணிக்கு மன்றக் கூட்டம். மணி ஒன்பதேகால் ஆகியிருந்தது.

உறுப்பினர்களுக்குப் போகும் பிரதிகளுக்குச் சுருள் கம்பிதான். அவற்றிலும் அந்த ஒரு பக்கம் இன்னும் சேரவில்லை. கையெழுத்தாகும் முதல் பிரதியை மட்டும் ஜெபமலர் நூலால் தைப்பார். சுருளைக் கழற்றி ஒரு பக்கத்தை உருவி வேறொன்றைச் செருகிவிடலாம். தைத்த கட்டில் நூலை அறுக்காமல் அது நடக்காது.

ஜெபமலருக்கு ஐம்பத்தொன்பது வயது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருக்கும் அந்தப் பேரூராட்சியில் அவருடைய கணவர் குடிநீர் வால்வு திறந்து விடுகிறவராக இருந்தார். அவர் இறந்தபின் கருணை அடிப்படையில் ஜெபமலருக்கு வேலை கிடைத்தது. பத்தாவது வரை படித்திருந்தார். அப்போதிருந்த தலைமை எழுத்தர் எதையும் சொல்லிக் கொடுக்கிற ஆள் இல்லை. ஆனால் பேரேடுகளைப் பூட்டி வைக்கிற ஆளும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜெபமலர் பழைய பேரேடுகளை எடுத்து, வெறும் தாளில் வரிக்கு வரி பார்த்து எழுதுவார். இரண்டு வருடம் எழுதிய பிறகு, ஒரு தொகை ஏன் அந்தப் பத்தியில் போகிறது என்பது புரிய ஆரம்பித்தது. இது அவர் போடும் பதினெட்டாவது பட்ஜெட். கடைசியும்கூட.

அந்த ஊரின் பணம் தண்ணீரோடு வருகிற பணம். வீட்டு வரியும் அரசு மானியமும் பாதிச் செலவுக்குத்தான் காணும். மீதி, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களிடமிருந்து வர வேண்டும். சாலையோரச் சீசன் கடைகளும் வண்டி நிறுத்தமும் மே மாதத்தில் ஏலம் போகும். எடுத்தவர் பாதித் தொகையைக் கட்டிவிட்டுப் பந்தல் போடுவார். மீதியை ஜூலைக்குள் கட்ட வேண்டும். அருவியில் தண்ணீர் விழாவிட்டாலோ, வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டாலோ, மீதி வராது; தள்ளுபடி கேட்டு மனுதான் வரும். ஏலம் போன தொகையைப் பார்த்துவிட்டு வந்த பணமாகவே நினைப்பது எல்லாத் தலைவர்களுக்கும் வழக்கம்.

எத்தனை மாதத்துக்குப் பணம் வைக்க வேண்டும் என்று எந்த விதியும் ஜெபமலருக்குச் சொல்லவில்லை. அவரே ஒரு வழி வைத்திருந்தார். மாலையில் தென்காசிக்கு அவர் ஏறுகிற டவுன் பஸ் குற்றாலத்திலிருந்து வரும். சீசனில் அதில் ஈரத்தலைகள் நிறைந்திருக்கும். பத்துத் தலைக்கு மேல் ஈரமாக இருந்தால் அது நல்ல நாள். கைப்பையில் இருக்கும் நாற்பது பக்க நோட்டில் ஒரு கோடு போடுவார். சீசன் முடிந்ததும் கோடுகளைக் கூட்டுவார். அறுபதுக்கு மேல் போனால் பணம் வந்துவிடும். நாற்பதுக்குக் கீழே போனால் அக்டோபரில் தொடங்கி, மார்ச்சில் வீட்டு வரி வசூலாகும்வரை கஷ்டம். பல வருடங்கள் நோட்டும் பேரேடும் ஒத்துப் போயின.

பிறகு தொடர்ந்து மூன்று வருடம் கோடுகள் அறுபதுக்குக் கீழே இறங்கவே இல்லை. ரசீதுத் தொகை அந்த அளவுக்கு ஏறவில்லை என்பதை அவர் பார்த்தார். ஆனால் அது வசூல் செய்கிறவர்களின் குறை என்று எடுத்துக்கொண்டார். சீசன் நிலைத்துவிட்டது, இனி இரண்டு மாதக் கையிருப்பு போதும் என்று எழுதிக் கொடுத்தார். மன்றம் ஒரு வரி பேசாமல் ஏற்றுக்கொண்டது. மிச்சமான பணத்தில் பஸ் நிறுத்தம் முதல் அலுவலகம் வரை தரைக்கல் பதித்தார்கள்.

அதற்கடுத்த ஏப்ரலில், அருவிப் பாறை காய்ந்து கிடக்கிற மாதத்தில், பஸ்ஸில் ஏறியபோது அவர் முன்னால் பதினாறு ஈரத்தலைகள் இருந்தன. ஜெபமலர் அவற்றை இரண்டு முறை எண்ணினார். பிறகு, அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கண்டக்டர் முகம்மது சலீமிடம் கேட்டார்.

"அருவியா? அங்கன பாறைதான் கெடக்கு, ஆச்சி. இது டிக்கெட் வாங்கின தண்ணி" என்றார் சலீம்.

அலுவலகத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் ஒரு ரிசார்ட்டில் செயற்கை அருவி கட்டி மூன்று வருடமாகிறது என்றும், அருவி இல்லாத நாளில் எல்லோரும் அங்கேதான் குளித்துவிட்டு ஏறுகிறார்கள் என்றும் அவர் சொன்னார். ஜெபமலர் அந்த நிறுத்தத்துக்குப் பிறகு ஏறுகிறவர். யார் எங்கே ஏறினார்கள் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

தரைக்கல் பதித்தாகிவிட்டது. பணம் திரும்ப வராது. அந்த வருடச் சீசன் முப்பத்து மூன்று நாள். இரண்டு மாதக் கையிருப்பு அக்டோபர், நவம்பர் சம்பளத்துக்கு வந்தது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதமும் தூய்மைப் பணியாளர்களுக்குச் சம்பளம் இல்லை. அலுவலகம் கூட்டும் முப்பிடாதியம்மாளின் மகள் ஜெயபிரியா அப்போது நர்சிங் இரண்டாம் வருடம். கட்டணம் கட்ட முடியாமல் நின்றாள். இப்போது தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறாள்.

தன் கணக்குத்தான் பிசகியது என்பதை ஜெபமலர் யாரிடமும் சொல்லவில்லை. அழவும் இல்லை. அந்தச் சம்பவத்தை நினைத்தால் ஏதாவது தோன்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும், தோன்றவில்லை. சாப்பிட்டார், பஸ் ஏறினார், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் மற்றவர்கள் எழுந்தபோது எழுந்தார். எண்ணுகிற முறையை மட்டும் அந்த ஏப்ரலிலேயே மாற்றியிருந்தார். அருவிக்குப் போகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். ரிசார்ட்டில் எண்ணெய்த் தலையோடு உள்ளே விட மாட்டார்கள். அதனால் ஈரத்தை விட்டுவிட்டு எண்ணெயை எண்ணினார். பழைய வருடங்களுக்கு, குடோனில் கிடந்த வண்டி நிறுத்த ரசீதுகளின் அடிக்கட்டைகளை எடுத்து நாள்வாரியாகச் சரிபார்த்தார். அதற்கே எட்டு மாதம் ஆனது. கெட்ட வருடத்தில் ஐந்து மாதம் ஓட்ட வேண்டியிருக்கிறது என்று வந்தது. மறுபடி போட்டுப் பார்த்தார். ஐந்துதான்.

இன்று காலை முப்பிடாதியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். கல்லூரியில் ஜெயபிரியாவை ஜூனில் மறுபடி சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். முதல் தவணைக்குச் சீட்டுப் பணம் இருக்கிறது. இரண்டாவது தவணை டிசம்பரில்.

"டிசம்பர்ல சம்பளம் வந்துருமா, அக்கா? நீங்க வரும்னு சொன்னாச் சேக்கேன். இல்லன்னா அவ கடையிலயே நிக்கட்டும்."

சாயங்காலம் சொல்வதாக ஜெபமலர் பதில் சொன்னார். முப்பிடாதியம்மாள் தலையாட்டிவிட்டு வாசலைக் கூட்டப் போனார்.

தலைவர் மகாராஜா ஒன்பதரைக்கு வந்தார். ஜெபமலரைவிட எட்டு வயது இளையவர். எதிரே உட்கார்ந்து, டீ வரும்வரை மேசையில் கிடந்த இரண்டு தாள்களையும் பார்த்தார்.

"இன்னும் தைக்கலியா, அக்கா? ஊசியோட நீங்க உக்காந்திருக்கத பாத்தா ஊசி போட வந்த நர்சம்மா மாதிரில்லா இருக்கு."

ஜெபமலர் சிரிக்கவில்லை. அடுத்த வருடம் தேர்தல் என்றார் மகாராஜா. ஏழாம் வார்டில் மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் தெருவில்தான் ஓடுகிறது. போன ஐப்பசியில் இரண்டு பேர் விழுந்து கால் ஒடிந்தது. பாஸ்புக்கைக் காட்டி ஓட்டுக் கேட்க முடியாது. பணம் சும்மா கிடந்தால், உங்களுக்கு எதற்கு மானியம் என்று மேலிடத்திலும் கேட்பார்கள்.

"பேங்க்ல எழுபது லட்சத்தத் தூங்க விட்டுட்டு சனங்களச் சாக்கடையில நடக்கச் சொல்லுததா? அந்தத் தெருவுல போய் நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தத் தெருவில் ஜெபமலர் நடந்திருக்கிறார்.

"அதுவும் போக, ரெண்டு மாசம் போதும்னு எழுதினது யாரு? நீங்கதான? இன்னைக்கு அஞ்சுங்கீங்க. எந்த ஜெபமலர நான் நம்ப?"

"இன்னைக்கு உள்ளவள. அன்னைக்கு எழுதினது தப்பு, தலைவரே. என் தப்பு."

நோட்டை எடுத்து அவர் முன் விரித்தார். பஸ், ஈரத்தலைகள், ரிசார்ட், சலீம் சொன்னது எல்லாவற்றையும் ஒரு ரசீதை வாசிக்கிற குரலில் சொன்னார். மகாராஜா டீயைக் கீழே வைத்தார்.

"ரிசார்ட் தண்ணிய எண்ணிட்டு எங்களுக்குக் கணக்குச் சொன்னீங்களாக்கும்."

"ஆமா."

மகாராஜா பக்கங்களைப் புரட்டி, முப்பத்து மூன்று கோடு இருந்த இடத்தில் நின்றார்.

"எங்க மச்சான் அந்த வருசம் ரெண்டு பழக்கடை எடுத்திருந்தான். மீதியக் கட்டல."

"தெரியும். ஒரு லட்சத்துப் பத்தாயிரம்."

"இது வெளிய தெரிஞ்சா உங்களத்தான் குத்தஞ் சொல்லுவாவ. ரிட்டயர் ஆகப்போற நேரத்துல."

"கேட்டா மன்றத்துல நானே சொல்லுதேன். அஞ்சக் கொறைக்கணும்னா தீர்மானம் போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொறைங்க. நான் தைக்குத பக்கத்துல கொறையாது."

வாசலில் துடைப்பம் தரைக்கல்லில் உரசும் சத்தம் கேட்டது. சாக்கடைக்கு என்ன வழி என்று மகாராஜா கேட்டார். நாற்பத்து நான்காம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார் ஜெபமலர். இரண்டாவது கட்டில் அவரே அதை எடுத்துப் பார்த்தார். ஏழாம் வார்டுச் சாக்கடையில் முதல் பாதிக்குப் பதினெட்டு லட்சம் இருந்தது. முதல் வரைவில் அந்த இடத்தில் இருந்த ஊர் நுழைவு வளைவு இப்போது இல்லை.

"ஆர்ச்ச எடுத்துட்டீங்களே."

"ஆமா."

"எம்பேரு போடுததா இருந்துச்சு."

மகாராஜா தாள்களைப் பழையபடி அடுக்கினார். இருபத்தெட்டு லட்சம் போட்டிருந்த முப்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்து, நாலாக மடித்து, அதன் மேல் டீ கிளாஸை வைத்தார்.

"தைங்க, அக்கா" என்றார்.

எழுபது லட்சம் போட்டிருந்த தாள் நடுவே போனது. மூன்று துளைகளும் நேராக நிற்கின்றனவா என்று ஜெபமலர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஊசி நடுத்துளையில் இறங்கி, மேல்துளையில் ஏறி, முதுகுப் பக்கமாக வந்து, கீழ்த்துளையில் இறங்கி, மறுபடி நடுவுக்கு வந்தது. நூல் இறுகியதா என்று விரலால் தெரியாததால், கண்ணால் பார்த்து முடிச்சுப் போட்டார். இரண்டாவது முடிச்சும் போட்டார். மிச்ச நூலைக் கத்தரித்தார்.

பிறகு எழுந்து, தைத்த புத்தகத்தை இரண்டு கையாலும் மகாராஜாவிடம் கொடுத்தார்.