பத்துக்கு எத்தனை போடுவீங்க?

செல்போன் சர்வீஸ் சென்டரில் பழுது பார்க்க ஒரு ஆள், திட்டு வாங்க ஒரு ஆள் இருப்பார்கள். நான் இரண்டாவது ஆள். திருவொற்றியூரில் ஒரு மாடிக் கடையில் எங்கள் சென்டர். கம்பெனி பெயர் வேண்டாம், உங்கள் கையில் இருக்கும் போனுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் என்றைக்காவது டோக்கனைச் சுருட்டிச் சுருட்டி நூலாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். "சர்வர் டவுன் சார், அரை மணி நேரம் ஆகும்" என்று சிரித்துக்கொண்டே சொன்ன பாவி நான்தான். சர்வர் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பசி.

என் பக்கத்துக் கஷ்டத்தையும் கேளுங்கள். என்னை ஆறு மாதச் சோதனைக் காலத்துக்குத்தான் வேலைக்கு எடுத்திருந்தார்கள். போனை வாங்கிப் போகும் ஒவ்வொருவரையும் தலைமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, "எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை போடுவீங்க?" என்று கேட்பார்கள். ஆறு மாத முடிவில் சராசரி எட்டுக்குக் கீழே இருந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அம்மாவோ முதல் மாதமே "பொண்ணுக்கு வேலை பர்மனென்ட்" என்று காலடிப்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டாள். தின்ற லட்டை எப்படித் திரும்பக் கேட்பது? கடைசி மாதம் எனக்குத் தூக்கமே இல்லை.

சிவப்புப் புள்ளி

ஒவ்வொரு போனுக்குள்ளும் கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று ஒட்டியிருக்கும். ஈரம் பட்டால் அது சிவந்துவிடும். சிவந்தால் வாரண்டி கிடையாது. இந்த விதியை எழுதிய மகராசன் எண்ணூர்ப் பக்கம் வந்திருக்கவே மாட்டான். இங்கே போனைப் பீரோவில் வைத்துப் பூட்டினாலும் புள்ளி சிவக்கும்.

எண்ணூரிலிருந்து வந்த ஒரு பெரியவரின் போனிலும் புள்ளி சிவந்திருந்தது. கம்பெனி எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தேன். "ஈரத்தால் வந்த பழுதுக்கு வாரண்டி இல்லை சார். சிரமத்துக்கு வருந்துகிறோம்." தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். "கடல் காத்து பட்டாலும் இப்படி ஆகும் சார்" என்றேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று. அவர் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்போ எண்ணூர்ல கீறவன் மூச்சு வுட்டாலே வாரண்டி பூடும்னு சொல்லு."

வழியில் இருக்கும் டிஸ்ப்ளே

உள்ளே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முரளி என்று ஒருவன் இருக்கிறான். எங்கள் டெக்னீஷியன், கையில் வித்தை உள்ளவன். ஆனால் வாடிக்கையாளர் முன்னால் அவன் வரக் கூடாது என்பது விதி. வந்தால் உண்மையைச் சொல்லிவிடுவான்.

ஒரு டிரெய்லர் டிரைவர் அண்ணன் உடைந்த டிஸ்ப்ளேவோடு வந்தார். மூன்று நாளில் வந்துவிடும் என்றேன். நான்காம் நாள் வந்தார், "வழியில இருக்கு அண்ணா." ஏழாம் நாள் வந்தார், "கிட்ட வந்துடுச்சு அண்ணா." உண்மையில் முரளி அதை இன்னும் ஆர்டரே போடவில்லை. ஒன்பதாம் நாள் அவர் வந்தபோது என் வாயில் வேறு எதுவும் வராமல், "ஹார்பர்ல மாட்டிக்கிச்சு அண்ணா" என்று சொல்லித் தொலைத்தேன். தினமும் ஹார்பர் வாசலில் வரிசையில் நிற்கும் மனிதரிடம் போய்ச் சொல்கிற பொய்யா அது? அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எந்தக் கப்பலு, எந்த கேட்டு, கன்டெய்னர் நம்பரு இன்னா? சொல்லும்மா, வண்டி கீழதான் நிக்குது, நானே இஸ்துகினு வரேன்."

வஞ்சிரத்துக்கு நடுவில்

பெரியவர் ஐந்து போட்டார். டிரைவர் அண்ணன் பெரிய மனது பண்ணி ஆறு போட்டார். ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டு போன காலேஜ் பிள்ளைகள் அள்ளிப் போட்ட பத்துகளால் என் சராசரி எட்டில் தொற்றிக்கொண்டு நின்றது. ஆறு மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது கன்னியம்மா அக்கா வந்தார். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து ஓட்டல்களுக்குப் போடுகிறவர். அவர் நீட்டிய போனிலிருந்து கவுன்டர் மேல் தண்ணீர் சொட்டியது.

"தண்ணியில விழுந்துச்சா அக்கா?" என்றேன். "இல்லியே, ஐஸ்ல வச்சேன்" என்றார். போன் நாலு நாளாகக் கொதித்திருக்கிறது. கொதிக்கும் எதையும் அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் காப்பாற்றியிருக்கிறார். மீன் பெட்டியின் அடியில் ஐஸ், மேலே வஞ்சிரம், அதற்கு மேல் ஐஸ், நடுவில் போன். விதிப்படி நான் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் ஓட்டல்காரர்கள் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள் என்று சொல்லும்போது அக்காவின் குரல் இறங்கிப்போயிற்று. எனக்குப் பாவமாக இருந்தது. "முரளி, புள்ளியைப் பார்க்காதே" என்று உள்ளே தள்ளினேன். அவன் பிரித்துக் கழுவி உலர்த்தி, சாயங்காலம் உயிர் கொடுத்துவிட்டான். பழுதுக்குக் காரணம் என்ற இடத்தில் "தூசி" என்று அடித்தேன். அக்காவுக்குத்தான் ஆச்சரியம் தாங்கவில்லை.

"மூணு நாளானாலும் மீனு கெடாது, ஒரு ராத்திரிக்குத் தாங்கல இது. இன்னா போனு வுடுறானுங்க?"

ஏற்றாத ஆள்

இவ்வளவு செய்தோமே, பத்து நிச்சயம் என்று நானும் முரளியும் டீ வாங்கிக் குடித்தோம். மறுநாள் காலை கம்ப்யூட்டரைத் திறந்தால், கன்னியம்மா, இரண்டு. சராசரி எட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. கோபத்தில் அவருக்கே போன் போட்டேன். நாங்கள் பிழைக்க வைத்த அதே போனில் அவர் குரல் கணீர் என்று கேட்டது.

"ஏன் அக்கா ரெண்டு போட்டீங்க?" என்றேன். அழுகை வந்துவிட்டது. அக்காவுக்கு என் அழுகையே புரியவில்லை. காசிமேட்டில் எவளாவது கேட்டவுடன் கடைசி விலையைச் சொல்வாளா? முதலில் அடிமட்டத்தில் கேட்பது, எதிராளி முறைப்பது, அப்புறம் ஒவ்வொன்றாக ஏற்றுவது, அதுதானே முறை. அக்கா அந்த முறைப்படி ஆரம்பித்திருக்கிறார்.

"பத்து குடுக்கலாம்னுதான் கண்ணு ரெண்டுல ஆரம்பிச்சேன், அந்தாளு ஏத்தவே இல்ல, நன்றின்னு சொல்லிட்டு வச்சுட்டான், பொயக்கத் தெரியாதவன்!"

ஆறு மாதம் முடிந்த நாள்

என்னை அனுப்பும் கடிதத்தோடு ஏரியா மேனேஜர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், கழுத்தில் டை, பேச்சில் தேன். "வருத்தமாத்தானுங்க இருக்குது" என்று அவர் கடிதத்தை எடுக்கும்போது கன்னியம்மா அக்கா கூடையோடு படியேறி வந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். போட்ட மார்க்கை வாடிக்கையாளர் ஒரு வாரத்துக்குள் நேரில் வந்து மாற்றலாம் என்று ஒரு விதி இருப்பதை முரளி தோண்டி எடுத்திருந்தான். கம்பெனி விதியால் எனக்கு ஒரு நன்மை நடந்தது அந்த ஒரு முறைதான்.

மேனேஜர் டேப்லெட்டைத் திறந்தார். "எத்தனை போடலாமுங்க?" "நீ சொல்லு நைனா, எவ்ளோ வோணும்?" "நாங்க சொல்லக் கூடாதுங்க." "சரி, நாலு." இத்தனை சொல்லியும் மறுபடி கீழேயிருந்தா! மேனேஜர் விதிப்படி வாயைத் திறக்கவில்லை. ஏலத்தில் அப்படி அசையாமல் நிற்பவன் மசியாதவன். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆறு." அவர் அசையவில்லை. "ஏழு. நல்ல பொண்ணுன்றதால எட்டு." அப்போதும் அவர் பேசவில்லை.

அக்கா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படி வரைக்கும் போனார். நான் மனசுக்குள் வடிவுடையம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன். அக்கா திரும்பி, "ஒம்போது" என்றார். மேனேஜருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லி ஒன்பதை அழுத்தினார். என் சராசரி எட்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. கடிதம் பைக்குள் திரும்பிப் போயிற்று. நான் கவுன்டரைத் தாண்டி ஓடி, மீன் வாடையோடு அக்காவைக் கட்டிக்கொண்டேன். அவரோ என் தோளுக்கு மேலே மேனேஜரைத்தான் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு நிமிசம் வாய மூடிகினு இருந்தீன்னா பத்து வந்திருக்கும் நைனா, நீ யாவாரத்துக்கு ஆவ மாட்டே."

இப்போது நான் பர்மனென்ட், அதனால் போன் எப்போது கிடைக்கும் என்று கேட்டால் இருபது நாளில் ஆரம்பிப்பேன், நீங்கள்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு படி வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும்.