ஆயுத பூசைக் கோலத்தில் அவள் முகம்

ஓசூர்ப் பக்கத்தில், வண்டிகளுக்கு வயர் கட்டும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. சொந்த ஊர் தேனிப் பக்கம். எங்கள் லைனில் கன்னடமும் தெலுங்கும் எல்லா ஊர்த் தமிழும் ஒரே நேரத்தில் கேட்கும். அங்கே என் பக்கத்தில் நின்று வேலை செய்தவள் அஞ்செட்டி ஊர்க்காரி. வயதில் என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் என்னைவிடப் பெரிது. மார்பில் புற்றுநோய் வந்து, பெங்களூருக்கும் ஓசூருக்குமாக அலைந்து, போன ஆடியில் போய்விட்டாள்.

ஆயுத பூசை வந்தால் கம்பெனியில் லைனுக்கு லைன் கோலப் போட்டி. மிஷினைத் துடைத்துப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, நடைபாதையில் கோலம் போடுவோம். கோடு இழுப்பது அவள், கலர் நிரப்புவது நான்.

"யக்கா, கோட்டத் தாண்டாதீங்க. கண்ணாடி வாங்கித் தரட்டா?" என்பாள்.

"ஏன்டி, மொதல்ல நீ ஒழுங்கா இழுடி" என்பேன். பெரும்பாலும் பரிசு எங்களுக்குத்தான்.

இந்த வருசம் அவள் முகத்தையே போடுவோம் என்று சொன்னவள் நான்தான். எல்லாரும் சரி என்றார்கள். செல்போனில் இருந்த போட்டோவைப் பார்த்துத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஆரம்பித்தோம். செங்கல்பொடியில் மஞ்சள் கலந்ததும் அவள் நிறம் வந்துவிட்டது. கண்தான் பாடாய்ப் படுத்தியது. அழித்து அழித்துப் போட்டேன். கடைசியில் வந்துவிட்டது. அவளேதான். எழுந்து போய்க் குழாயடியில் நின்று நன்றாக அழுதேன்.

அவள் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தோம். விடிந்ததும் கிளம்பி பஸ் மாறி வந்தார். கோலத்தைப் பார்த்தார். "யம்மாடி, எங்கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பூசை முடிந்து கொடுத்த பொரிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

சூப்பர்வைசர் வந்தார். "நல்லாருக்கும்மா. ஆனா பாதைய காலி பண்ணிக் குடுங்க. சாயந்தரம் லோடு போகணும்."

கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வந்தார். முகத்தைப் பார்த்ததும் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "செத்துப்போன பொண்ணு மூஞ்சில வெளக்கமாறு வெக்கச் சொல்றீங்களா? என்னால ஆகாது சாமி." லோடு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் கன்னடக்காரர். "பேடாக்கா, வேணாம், நானு இதுமேல வண்டி உடமாட்டேன்" என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஓஸ் பைப்ப வச்சு அடிச்சா ஓடிரும்" என்றான் பக்கத்து லைன்காரன்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "ஓடிருமா? உங்க ஆத்தா மூஞ்சில தண்ணியப் பீச்சி அடிப்பியாடா?"

"அப்ப என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார் சூப்பர்வைசர். கோலம் என்றால் கூட்டித்தான் ஆகவேண்டும். நினைவு தெரிந்த நாளிலிருந்து கோலம் போட்டுக் கூட்டுகிற எனக்கு இது தோன்றவில்லையே! துடைப்பம் படக்கூடாத ஒரு முகத்தைக் கொண்டுபோய்த் தரையில் போட்டிருக்கிறேன். அதுவும் பெற்றவளை வரவழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து.

நாங்கள் கத்தியது எல்லாம் அவளைப் பெற்ற அம்மாவுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "சண்ட போடாதீங்க கண்ணு" என்றார். யாரும் மிதிக்காமல் இருக்கக் கோலத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே போய் மண்டி போட்டார். முந்தானையை மடியில் விரித்தார். முதலில் நெற்றியில் கை வைத்தார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு இரண்டு கையாலும் பொடியைக் கூட்டி அள்ளி மடியில் போட ஆரம்பித்தார்.

முடியின் கறுப்பும் பொட்டின் சிவப்பும் கன்னத்து நிறமும் ஒன்றோடொன்று கலந்து சாம்பலாகத் தெரிந்தன.

"சேலையெல்லாம் கறையாயிரும்மா. இருங்க, கவர் எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "சுடுகாட்டுக்குப் பொம்பள வரக்கூடாதுன்னு என்ன வாசல்லியே நிறுத்திட்டாங்க. சாம்பலயும் ஆம்பளைங்களே எடுத்துகினு போயி ஒகேனக்கல்ல கரைச்சிட்டாங்க. பெத்தவ, எங்கையில ஒரு புடி குடுக்கல."

நானும் எதிரில் மண்டி போட்டு, தாடைப் பக்கமிருந்து அள்ளினேன். கண் இருந்த இடத்தை அவருக்கு விட்டுவிட்டேன். அதைக் கடைசியாக, மெதுவாக எடுத்தார்.

தரை வெறுமையானதும் முந்தானையை முடிச்சுப் போட்டு நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அஞ்செட்டி பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்றார். "நாளைக்கு நானே போயி ஆத்துல வுட்டுட்டு வந்துர்றன்."