நட்சத்திரம் படிக்க வேண்டிய பாடங்கள்

மூன்றாம் படிவப் பரீட்சை முடிவு வந்த வாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டில், வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். "கால்ல சக்கரமா கட்டியிருக்கு? ஒக்காரு லா," என்று அம்மா அதட்டினாள். உட்கார்ந்த அடுத்த நிமிஷமே மறுபடி எழுந்தேன். நான்காம் படிவ வகுப்பில் சயின்ஸா ஆர்ட்ஸா என்று, பெற்றவர் யாராவது திங்கட்கிழமை தானா ராத்தா பள்ளிக்கு வந்து சொல்லியாக வேண்டும்.

எனக்கு நட்சத்திரங்களைப் பற்றிப் படிக்க ஆசை. கேமரன் மலையில் பிறந்தவளுக்கு இது கொஞ்சம் அதிகப்படிதான். பனி இறங்கினால் எங்களுக்கு எதிர் லயமே தெரியாது. அந்தப் படிப்புக்குப் புவியியல் போதும் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். கோள்களின் படம் அந்தப் புத்தகத்தில்தானே இருந்தது! கணக்கு டீச்சர்தான் சிரித்துவிட்டு, கணக்கும், அதற்கு மேல் கூடுதல் கணக்கும், பௌதிகமும் வேண்டும், அதெல்லாம் சயின்ஸ் வகுப்பில்தான் உண்டு என்றார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கணக்கெழுதி வேலை பிரித்துக் கொடுக்கும் கிராணியைக் கேட்காமல் எந்த முடிவையும் எடுக்க மாட்டார்கள். பிள்ளைக்குப் பேர் வைக்கக்கூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். கிராணி நாற்காலியை விட்டு எழாமலே தீர்ப்புச் சொன்னார்.

"பொம்பளப் புள்ளைக்கு என்னாத்துக்கு சயின்ஸு? ஆர்ட்ஸ்ல போடு. டைப்பிங் படிச்சா நம்ம ஆபீஸ்லயே பாத்துக்கலாம்."

"சரிங்கய்யா," என்றார் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

திரும்பும்போது விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். அப்பா பின்னாலிருந்து கேட்டார்.

"நட்சத்திரத்துக்கு எதுக்கும்மா கணக்கு?"

"எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கண்டுபிடிக்கப்பா."

"ஏன், போயிட்டு வரப் போறியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் ஒவ்வொருவரின் அப்பாவோ அம்மாவோ வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நான் கரும்பலகையைப் பார்க்காமல் வாசலையே பார்த்து டீச்சரிடம் திட்டு வாங்கினேன். அப்பா வந்து ஆர்ட்ஸ் என்று சொல்லிவிடுவாரே என்று பயம். வராமலே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் பயம். இடைவேளைக்குப் பிறகு வந்தார். தேயிலைத் தூள் படிந்த தலையோடு, பாதி வேலையில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி, காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"சிக்கு, அனாக் சாயா மாவு சயின்ஸ்," என்றார் தனக்குத் தெரிந்த மலாயில். டீச்சர், என் மகளுக்கு சயின்ஸ் வேண்டும் என்று அர்த்தம். எனக்குப் பெஞ்சு மேல் ஏறிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

செய்தி அன்று சாயங்காலமே கிராணிக்குப் போய்விட்டது. அப்பாவுக்குத் தொழிற்சாலையில், கொழுந்து காயவைக்கும் அடுப்புப் பக்கம் வேலை. மலைக் குளிருக்கு அந்த இடத்துக்குப் போட்டா போட்டி. மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து வேலை பிரிக்கும்போது, கிராணி அவரை மருந்தடிக்கும் கும்பலில் சேர்த்தார். முதுகில் மருந்து டாங்கியைச் சுமந்துகொண்டு, ஈரத்தில் சரிவு சரிவாக ஏற வேண்டும். அம்மா அப்பாவின் கிழிந்த மழைக்கோட்டை எடுத்துவைத்துத் தைத்தாள்.

மருந்தடிப்பவர்களுக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். இனிமேல் அப்பா சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுவார், நான் கூடுதல் கணக்குப் போடும்போது பக்கத்திலேயே இருப்பார் என்று, அன்று லயம் முழுக்க வீடு வீடாக ஓடிச் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.