தமிழில் அழுத மகன்

மோசடி போன்காரர்களைத் திட்டுவதில் எனக்கு மொரப்பூரில் கொஞ்சம் பெயர் உண்டு. கார்டு பிளாக் ஆகிவிட்டது என்பவன், பார்சல் பிடிபட்டிருக்கிறது என்பவன், எல்லாரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். டீக்கடையில் உட்கார்ந்து, ஓடிபி கேட்டால் போனை வையுங்கள் என்று போவோர் வருவோருக்கெல்லாம் வகுப்பு எடுப்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

மகன் ஓசூர் வேலையை என்னைக் கேட்காமல் விட்டுவிட்டுப் பெங்களூர் போனதிலிருந்து நான் அவனோடு பேசுவதில்லை. அவன் அம்மாவிடம் பேசும்போது மட்டும் டிவி சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேட்பேன். அவளுக்கும் அது தெரியும்.

ஒரு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. போலீஸ் என்றான். உங்கள் மகன் கஞ்சா கேஸில் மாட்டியிருக்கிறான், உடனே பணம் அனுப்பினால் விட்டுவிடுகிறோம் என்றான். எனக்கு வசவு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் வேறொரு குரல் விக்கி விக்கி அழுதது.

"அப்பா, என்னக் காப்பாத்துங்கப்பா."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் மகனை விட்டுவிடுங்கள், எந்த நம்பருக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். சமையலறையிலிருந்து வந்த மனைவி போனைப் பிடுங்கி, சாப்பிட்டாயா என்று தெலுங்கில் கேட்டாள். அந்தக் குரல் மறுபடியும் தமிழிலேயே அழுதது. போனை வைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. அதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நம்ம வூட்டுல யாருங்க தமிழ்ல அழுவாங்க? பொறந்ததுலருந்து உங்கள நைனான்னுதான கூப்புடறான்? அவன் நம்பருக்கே போட்டுக் கேளுங்க."

வாஸ்தவம்தான். அவன் ஒரு நாளும் என்னை அப்பா என்றதில்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை. எப்படியாவது கூப்பிட்டால் போதும் என்று அத்தனை நாள் ஏங்கிப் போயிருந்தேன்.

நானே அவனுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். நடந்ததை அவன்தான் ஏதோ தப்புச் செய்தவன் மாதிரிக் கோபமாகச் சொன்னேன்.

"நான்னு நெனச்சிப் பணம் அனுப்பப் போனீங்களா, நைனா?"

"ஆமா."

"எம்மேல இருந்த கோவம்?"

"அது அப்பிடியேதான் இருக்குது."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அது யார் அழுகை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.