சாமுராய்க் கவசமும் கொழிஞ்சாம்பாறை மாமனாரும்

சாமுராய்க் கவசம் செய்கிற தொழிலில் கத்தியால் ஆபத்து கிடையாது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் வாயால்தான். கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு ஜப்பான் கவசம் செய்கிறேன். பின்னால் நின்று யோசனை சொல்பவர்களிடம் மாட்டிக்கொண்ட அன்பர்களுக்கு இது சமர்ப்பணம்.

ஓட்டை போடும் வேலை

இந்தக் கவசம் ஒரே தகடு அல்ல. விரல் அகலத் தோல் துண்டுகளை ஆயிரக்கணக்கில் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓட்டைகள் போட்டு, அரக்குப் பூசி, பட்டுக் கயிறு கோத்து வரிசை வரிசையாகத் தொங்கவிட வேண்டும். வண்டன்மேட்டு ரிசார்ட் ஒன்றின் வரவேற்பறைக்காக இப்படி ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோது மாமனார் வந்தார்.

ஏற்கெனவே இரண்டு கவசங்கள் வேண்டாம் என்று திரும்பி வந்து, அவர் மகளின் பீரோவைத் திறக்க விடாமல் நிற்கின்றன. இதுவும் திரும்பினால் கடையை மூடிவிட்டு அவருடைய தென்னந்தோப்புக்கு வந்துவிட வேண்டும் என்று கறாராகச் சொன்னார். நான் குனிந்து அடுத்த ஓட்டையைப் போட்டேன். அவரோ ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, இத்தனை ஓட்டையப் போட்டு அத்தனையவும் கயித்துல அடைக்கறதுக்கு, போடாமயே உட்ருக்கலாமுங்களே?"

சரசக்காவின் முடிச்சு

கயிறு கோக்கக் கோயில் வாசலில் பூக்கட்டும் சரசக்காவை அழைத்தேன். கை மின்னலாக ஓடியது. இரண்டே நாளில் இடுப்புக்குக் கீழே தொங்கும் பகுதி தயார். மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காரப் போனேன், முடியவில்லை. வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மடங்க வேண்டும். அக்காவோ பூச்சரத்தை இறுக்குவதுபோல இறுக்கி, எல்லாவற்றையும் ஒரே பலகையாக்கியிருந்தார். அத்தனையும் அறுத்துவிட்டு முதலிலிருந்து கோக்கச் சொன்னபோது அக்காவுக்கு வந்த கோபம் நியாயமானதுதான்.

"சாமிக்குக் கட்டுன மாலை உக்காருதா எந்திரிக்குதான்னு இன்னைக்கி வரைக்கும் ஒருத்தரும் எங்கிட்டக் கேட்டதில்லீங்க தம்பி."

தாடையில் ஒரு துளை

வண்டன்மேட்டுக்கு மாமனார் தன் ஜீப்பிலேயே கூட வந்தார். திரும்பக் கொண்டுவர வண்டி வேண்டுமாம். ரிசார்ட் மேனேஜர் தோள் தகடு, மார்புத் தகடு, தலைக்கவசம் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, மீசை வைத்த இரும்பு முகமூடியில் வந்து நின்றார். தாடைக்கு அடியில் ஒரு துளை. டேமேஜ் பீஸ், எடுத்துக்கொண்டு போ என்றார். வியர்வை வடிய ஜப்பானில் அப்படித்தான் வைப்பார்கள் என்று மன்றாடினேன். நம்பவில்லை. மாமனார் ஜீப்பின் பின்கதவைத் திறந்தே வைத்துவிட்டார்.

கடைசியில் வாட்ச்மேன் செல்லையா முன்வந்தார். முகமூடியை மாட்டிக்கொண்டு, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் அடுப்புச் சூட்டில் போய் நின்றார். பத்து நிமிடம். நான் வேண்டாத சாமியில்லை. வெளியே வந்தவரின் தாடையிலிருந்து சொட்டுச் சொட்டாக, அந்தத் துளை வழியாகவே வடிந்தது. மேனேஜர் குனிந்து பார்த்துவிட்டு, வரவேற்பறையில் இடத்தைக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்லையா முகமூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"ஓட்ட நல்லாத்தான் இருக்கு சார், நாந்தான் நல்லால்ல."

நான் செய்த கவசம் இதுவரை எந்தக் கத்தியையும் தடுத்ததில்லை. என் மாமனாரை ஒரே ஒருமுறை தடுத்திருக்கிறது.