செல்போன், செயின், உண்டியல்: குற்றாலத்தில் கேட்ட பெயர்கள்

அன்று அருவிக்கரையில் இருந்தவர்கள்: நான், என் மகள் பார்வதி, அவள் மகன் மாரிச்செல்வம், அவனோடு உள்ளே இருக்கும் சுடலைமுத்து, கார்த்திக், பேச்சிமுத்து, புதிதாக வந்த அந்தோணி, வார்டன் தங்கதுரை, பாடம் நடத்தும் ஞானசேகர் வாத்தியார். நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனாலும் ஒரு பெயரும் விட்டுப்போகாது.

பேரன் ஒரு செல்போனைத் திருடிவிட்டுச் சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் இருக்கிறான். ஆடியில் ஒருநாள் பையன்களைக் குற்றாலத்துக்குக் குளிக்கக் கூட்டிவருகிறோம், வீட்டார் வந்து பார்க்கலாம் என்று தகவல் வந்தது. நான்கு மாதம் ஆகிவிட்டது. திரும்பி வரும்போது பழைய மாரியாக வருவானா என்பதுதான் என் கவலை.

சிவகிரியில் காலை ஐந்தேமுக்காலுக்குப் பஸ். தென்காசிக்கு ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. மேலகரம் தாண்டியதும் சாரல் முகத்தில் அடித்தது. கண்டக்டர் சன்னலைச் சாத்தச் சொன்னான், நான் சாத்தவில்லை. எட்டு மணிக்கு மெயின் அருவி.

பையன்கள் வரிசையில் நின்றார்கள். "மாரி" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. வார்டன் விசிலை வாயிலிருந்து எடுத்து, "ஏலே செல்போனு, ஒங்க ஆச்சி வந்திருக்காவ" என்றதும் திரும்பினான்.

அந்த இல்லத்தில் அவரவர் செய்த தப்புதான் பெயர். சுடலைமுத்து செயின், கார்த்திக் பைக், பேச்சிமுத்து உண்டியல். பையன்களும் தங்களுக்குள் அப்படியேதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். பெரிய திருட்டு முதலில் குளிக்கும், சின்னத் திருட்டு சோப்பில்லாமல் காத்து நிற்கும். வார்டனிடம் கேட்டேன். இத்தனை பயல்களின் பெயரை யார் ஞாபகம் வைப்பது, இதென்றால் சட்டென்று வந்துவிடும் என்று சிரித்தார்.

ஒன்பதரைக்கு அவர் டீ குடிக்கப் போனார். வாத்தியார், "சுடலை, பேச்சிமுத்துக்கு சோப்பக் குடுடே" என்றார். சுடலைமுத்து சோப்பைக் கொடுத்தான். கேட்காமலே முதுகும் தேய்த்துவிட்டான். கால் மணி நேரம் அவர்கள் பள்ளிக்கூடத்துப் பையன்களாக இருந்தார்கள். கண்ணால் பார்த்தேன்.

வார்டன் திரும்பி வந்தார். வாத்தியாருக்கு நாக்கு மாறியது. "உண்டியலு, சட்டையப் போடு" என்றார்.

மாரி ஓரமாக நின்ற அந்தோணியிடம் போனான். வார்டனைப் போலவே இடுப்பில் கைவைத்து, என்ன செய்துவிட்டு வந்தாய் என்று கேட்டான். வைக்கோல் படப்புக்குத் தீ வைத்தானாம். "அப்ப நீ தீப்பெட்டி." வார்டன் சிரித்து மாரியின் தோளில் தட்டினார்.

"அவம் பேரு என்னன்னு கேளுலே" என்றேன்.

"பேரக் கேட்டா யாரு சிரிப்பா, ஆச்சி?" என்றான்.

பார்வதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குளிக்க வருகிறவர்கள் எட்டுக்குள் வந்துவிடுங்கள், பிறகு கூட்டம். உள்ளே இருக்கும் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள், அவனோடு இருக்கும் எல்லாருடைய பெயரையும் கேட்டு, காவலுக்கு நிற்பவர் காதில் விழும்படி சத்தமாகக் கூப்பிடுங்கள்.

நாங்கள் பஸ் ஏறும்போது வாத்தியார் ஓடிவந்தார். தன் ஒருவனால் என்ன செய்ய முடியும் என்றார். வார்டனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அவரை நான் விட்டுவிடுகிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று தெரிந்தும் வாயை மாற்றிக்கொண்டவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். ஞானசேகர் வாத்தியார்.